கைக்குப் பழகும் துப்பாக்கி

அத்தியாயம் 4: முதல் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது

சாரல் கட்டிவிட்டால் குற்றாலம் அருவிக்குப் போகும் வழியில் பலூன் சுடும் கடை முளைத்துவிடும். பலகையில் வரிசையாகப் பலூன், முன்னால் ஒரு மேசை, மேசைமேல் பழைய ஏர் கன். இலஞ்சியில் பிறந்த எங்களில் பெரும்பாலோர் முதன்முதலில் தொட்ட துப்பாக்கி அதுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். பலூனின் நடுவில் குறி வைப்பேன், குண்டு இடப்பக்கம் போய்ப் பலகையில் 'டக்' என்று விழும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே துப்பாக்கியை வாங்கி, பலூனுக்கு ஒரு விரல்கடை வலப்பக்கம் குறி வைத்து, வரிசையாக ஐந்தை உடைத்துக் காட்டுவார். துப்பாக்கி கோணல். ஆனால் அது அவருக்குப் பழகிய கோணல்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அந்தக் கடைதான் அடிப்படை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நம்பகமான துப்பாக்கி என்பது, தினமும் கையில் எடுத்துப் பழக முடிகிற துப்பாக்கி. கட்டுப்படியான விலை என்பது, அந்தப் பழக்கத்தை வருஷம் முழுக்க நடத்த முடிகிற விலை. கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு அதில் ஒரு பகுதி மட்டுமே.

எதற்கு வாங்குகிறீர்கள்?

என் அக்காள் மகன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, ஒரு பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன். நல்லதா, விலை கம்மியா எது இருக்கு?"

"எதுக்குல?"

"எதுக்குன்னா... தோப்புல பன்னி வருது. ராத்திரி ஒத்தையில காவலுக்குப் போறேன். சும்மா பழகவும் ஆசைதான்."

மூன்று காரணத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். மூன்றுக்கும் மூன்று வேறு பதில்.

பன்றிக்குக் கைத்துப்பாக்கி உதவவே உதவாது. குட்டையான குழல், சின்னத் தோட்டா, இருட்டில் ஓடும் விலங்கு. காயப்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்தால் ஆளுக்குத்தான் ஆபத்து. அதோடு, காட்டுப்பன்றியைச் சுடுவது விவசாயியின் கையில் இல்லை. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர்தான் சுடலாம். பன்றித் தொல்லைக்கு வனத்துறைக்கு மனு, தோப்புக்கு வேலி. அவ்வளவுதான்.

தற்காப்புக்கு என்றால் அது உரிமம் வாங்க வேண்டிய ஆயுதம். அதற்குத் தனிப் பாதை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பழகத்தான் என்றால், பாதி வேலை முடிந்தது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் என்று ஒரு விளையாட்டே இருக்கிறது. உலகம் முழுக்கப் புதியவர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள். தற்காப்புக்கு உரிமம் கேட்டிருப்பவரும் அதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

பக்கத்து ஊர்ச் செங்கோட்டை வாஞ்சிநாதனை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அந்தக் காலத்தின் மிக நல்ல கைத்துப்பாக்கிகளில் ஒன்று. அது கையில் கிடைத்ததும் அவர் நேரே ரயில் ஏறிவிடவில்லை. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடும் பயிற்சி எடுத்தார். அந்தச் செயலைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கலாம். நல்ல துப்பாக்கி இருந்தும் பயிற்சி தேவைப்பட்டது என்பது மட்டும் இந்த நூலுக்கு வேண்டிய செய்தி.

சட்டம் என்ன சொல்கிறது

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-இல் வந்த ஆயுத விதிகளும்தான் இதில் வேதம். வாங்கப்போகிறவர் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

தோட்டா போட்டுச் சுடும் எந்தக் கைத்துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். உரிமம் பெற 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மனுவை அரசின் இணையதளம் வழியாக ஏ-1 படிவத்தில் போட வேண்டும். உடல்நலம், மனநலம் பற்றிய மருத்துவச் சான்றும், ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் இணைக்க வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். மாவட்டங்களில் உரிமம் தரும் அதிகாரம் கலெக்டரிடம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும்வரை நம் ஆட்கள் இதற்கும் திருநெல்வேலிக்குத்தான் ஓடினார்கள். 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏர் பிஸ்டல் விஷயம் வேறு. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் உரிமம் தேவையில்லை. போட்டிகளில் பயன்படும் ஏர் பிஸ்டல்கள் எல்லாம் இந்த வரம்புக்குள்தான். ஆனாலும் கடையில் அடையாளச் சான்று, வயதுச் சான்று, முகவரிச் சான்று கேட்பார்கள். கேட்காமல் தருகிற கடையில் வாங்காதீர்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், பேருந்தில் கொண்டுபோகும்போது அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'விலை கம்மி' என்று தேடுகிறவர் காதில் எங்காவது நாட்டுத் துப்பாக்கிப் பேச்சு விழும். உரிமம் இல்லாத துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதற்கே 2 ஆண்டுகளுக்குக் குறையாத, 5 ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறை உண்டு. செய்து விற்பவருக்கு இன்னும் கடுமை. சட்டத்தை விட்டாலும், குழாயை அறுத்துப் பற்றவைத்துச் செய்த அந்தச் சாமான் எப்போது பின்பக்கமாகப் பிளக்கும் என்று செய்தவனுக்கே தெரியாது. மலிவும் இல்லை, நம்பகமும் இல்லை.

உரிமம் கிடைத்தவருக்குச் சில வார்த்தை

உரிமம் கைக்கு வந்தவர்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி: பிஸ்டலா, ரிவால்வரா?

நம் நாட்டில் பொதுமக்களுக்கு 9 மி.மீ., .38 போன்ற அளவுகள் கிடையாது. அவை தடைசெய்யப்பட்ட வகை. அனுமதி உள்ள அளவுகளில் பரவலானது .32. சினிமாவில் பார்த்த பெயர்களைச் சொல்லிக் கடையில் கேட்டுப் பயனில்லை. அரசுத் தொழிற்சாலைச் சரக்கும், அண்மையில் வந்த ஒருசில தனியார் சரக்கும்தான் எதிரில் இருக்கும். படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் கம்பெனிகளாக மாற்றப்பட்டன. கான்பூர், இஷாப்பூர் தொழிற்சாலைகள் இன்று ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. நம் திருச்சித் தொழிற்சாலையும் அதே குடும்பம்தான்.

இஷாப்பூரில் செய்யும் .32 பிஸ்டலுக்கு 'அஷனி' என்று பெயர். கான்பூரிலிருந்து 2014-இல் 'நிர்பீக்' வந்தது. பெண்களை மனதில் வைத்து டைட்டானியம் கலந்த உலோகத்தில் செய்த ரிவால்வர்; எடை சுமார் 500 கிராம்; அறிமுக விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அந்த விலைக்கு இங்கே நல்ல பைக் ஒன்று வாங்கிவிடலாம் என்று அப்போதே பேசினார்கள். 2023-இல் வந்த 'பிரபல்' 700 கிராம். தோட்டா நிரப்பும் உருளை பக்கவாட்டில் திறக்கும். பழைய மாடலில் துப்பாக்கியையே நடுவில் மடக்கித் திறக்க வேண்டும்.

புதியவருக்கு நான் ரிவால்வரைத்தான் சொல்வேன். காரணம் எளிது. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் பிஸ்டலில் மேல்தகட்டை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். பதற்றத்தில் பழகாத கைக்கு அது ஓடாது. ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்று திறந்து கண்ணால் பார்ப்பதும் ரிவால்வரில் சுலபம். வீட்டில் நடக்கும் விபத்துகளில் பல 'உள்ளே தோட்டா இல்லை' என்ற நினைப்பில் நடப்பவை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிஸ்டலுக்கும் .32 என்பார்கள், ரிவால்வருக்கும் .32 என்பார்கள், ஆனால் இரண்டு தோட்டாவும் வேறு வேறு. பிஸ்டல் தோட்டா 1899-இல் ஜான் பிரௌனிங் வடிவமைத்தது; குட்டையானது. ரிவால்வர் தோட்டா நீளமானது, அடியில் விளிம்பு வைத்தது. ஒன்றுக்கு வாங்கி மற்றதில் போட முயலாதீர்கள். தோட்டாப் பெட்டியின் பெயரையும் துப்பாக்கியில் பொறித்த பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தத் துப்பாக்கிகளில் உள்ள பெரிய குறை, பழக முடியாதது. எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதை உரிமத்திலேயே எழுதிவிடுவார்கள். தோட்டாவும் விலை அதிகம். சுட்டுப் பழக அனுமதி பெற்ற இடமும் பக்கத்தில் இல்லை. ஒரு லட்சம் கொடுத்து வாங்கி, வருஷத்துக்குப் பத்துத் தோட்டாகூடச் சுடாமல் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நெருக்கடியில் அந்தக் கை என்ன செய்யும்? ஆகவே உரிமத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களில் ஏர் பிஸ்டலில் பழகுங்கள். விசையை இழுக்கும் விரல் இரண்டுக்கும் ஒன்றே.

ஏர் பிஸ்டல்: நான்கு வகை

குண்டைத் தள்ளும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து நான்கு வகை.

சுருள்வில் வகை. பலூன் கடைத் துப்பாக்கியின் தம்பி. குழலை மடக்கினால் உள்ளே வில் அமுங்கும். விசையை இழுத்தால் வில் பாய்ந்து காற்றைத் தள்ளும். உள்நாட்டிலேயே செய்கிறார்கள், சில ஆயிரங்களில் கிடைக்கும். நம் ஊர் மெக்கானிக்கே வாஷர் மாற்றிவிடுவார். குறை என்னவென்றால், வில் பாயும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். நீங்கள் செய்த தப்பா, துப்பாக்கி செய்த உதறலா என்று பிரித்தறிய முடியாது. ஆசை தீரச் சுடலாம், போட்டிக்கு ஆகாது.

கார்பன் டை ஆக்சைடு வகை. சின்னக் குப்பியில் வாயு. உதறல் இல்லை. ஆனால் வெயிலுக்கும் குளிருக்கும் அதன் அழுத்தம் மாறும். சித்திரை மதியத்தில் நடுவில் விழுந்த குண்டு ஆனிச் சாரல் காலையில் இறங்கி விழும். தென்காசிச் சீமையின் தட்பவெப்பத்துக்கு இது ஒத்துவராத சாமான். குப்பிக்கும் அலைய வேண்டும்.

ஒற்றை அமுக்கு வகை. ஒரு நெம்புகோலை ஒருமுறை அமுக்கி மூடினால் ஒரு குண்டுக்கு வேண்டிய காற்று சேர்ந்துவிடும். சிலிண்டர் வேண்டாம், பம்ப் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம். ரஷ்யாவின் பைக்கால் ஐஇசட்எச்-46, ஜெர்மனியின் வெய்ரவுக் எச்டபிள்யூ-75 இந்த வகைக்குப் பேர்போனவை. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் புதியவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 60 குண்டு சுட்டால் 60 முறை அமுக்க வேண்டும், தோள் வலிக்கும். அது ஒன்றுதான் குறை.

அழுத்தக் காற்றுச் சிலிண்டர் வகை. இன்று போட்டிகளில் எல்லோர் கையிலும் இருப்பது. குழலுக்குக் கீழே உருளை; அதில் 200 பார் வரை காற்று. ஒருமுறை நிரப்பினால் நூறு குண்டுக்கு மேல் சுடலாம். ஸ்டெயர், மோரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்தினி எல்லாம் இதில் பெரிய பெயர்கள். புதிதாக வாங்கினால் பெரும்பாலும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

ஆகவே தொடக்கத்தில் என் யோசனை: முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். மதுரை, திருச்சி, கோவை, சென்னை ஊர்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. 2022-இல் திருச்சி ரைபிள் கிளப்பில் மாநிலப் போட்டி நடந்தபோது நடிகர் அஜித்குமார் சுட வந்தார். வெளியே திரண்ட கூட்டத்தால்தான் இப்படி ஒரு இடம் இருப்பதே பல பேருக்குத் தெரிந்தது. உறுப்பினராகச் சேர்ந்தால் கிளப் துப்பாக்கியிலேயே பழகலாம். நமக்கு மதுரை பக்கம். மாதம் இரண்டு ஞாயிறு போய்வந்தால்கூடப் போதும். ஆறு மாதத்தில் உங்கள் கை எந்தப் பிடியைக் கேட்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நம்பகம் என்றால் என்ன: ஒரு நாள் கதை

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் மனு பாக்கர் சுட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் அவர் துப்பாக்கி பழுதாகிவிட்டது. மின்னணு விசை வைத்த பிஸ்டல் அது. சரிசெய்து திரும்புவதற்குள் நிமிடங்கள் ஓடிவிட்டன. மீதிக் குண்டுகளை அவசரமாகச் சுட வேண்டியதாயிற்று. 600-க்கு 575 புள்ளி, 12-ஆம் இடம். முதல் 8 பேருக்குத்தான் இறுதிச் சுற்று. மூன்று ஆண்டுகள் கழித்து 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார்.

உலகின் ஆகச்சிறந்த துப்பாக்கிகளும் பழுதாகும். அவருக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தார், மாற்றுத் துப்பாக்கியும் இருந்தது. இலஞ்சியில் உங்களுக்கு யார் இருக்கிறார்? வயலுக்குப் பம்ப்செட் வாங்கும்போது என்ன பார்க்கிறோம்? அந்தக் கம்பெனி மெக்கானிக் தென்காசியில் இருக்கிறாரா, வாஷர் கிடைக்குமா என்றுதானே? பிஸ்டலுக்கும் அதே கணக்கு. மின்னணு விசை விரலுக்கு இதம்தான். ஆனால் முதல் துப்பாக்கிக்கு வெறும் இயந்திர விசை போதும். ஸ்பிரிங்கும் திருகும் நம் ஊரில் புரியும். சர்க்யூட் போர்டு போனால் தூர தேசத்துக்குப் பார்சல் போட வேண்டும்.

கடையில் கையில் எடுத்ததும்

முதல் சோதனையை வீட்டிலேயே செய்துவிடலாம். போட்டி ஏர் பிஸ்டல் ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும்; விதிப்படி 1500 கிராமைத் தாண்டக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, கையை நேராக நீட்டி, பதினைந்து விநாடி நிறுத்துங்கள். ஒரு கைதான், இந்த விளையாட்டில் இரண்டாம் கையைத் தொடவிட மாட்டார்கள். பாட்டில் நடுங்குகிறதா? துப்பாக்கியும் நடுங்கும். ஒரு மாதம் பாட்டிலோடு பழகிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கடையில், முதலில் பிடி. மரப்பிடிகள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று வரும், இடக்கைக்காரருக்குத் தனி. கண்ணை மூடி, துப்பாக்கியை இலக்கை நோக்கித் தூக்கி, கண்ணைத் திறங்கள். முன்குறியும் பின்குறியும் ஒரே கோட்டில் நின்றால் பிடி உங்களுடையது. மணிக்கட்டைத் திருகித்தான் நேராக்க முடிகிறது என்றால் விட்டுவிடுங்கள். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் பாதகமில்லை. மரத்தை உப்புத்தாளால் தேய்க்கலாம், தளர்வாக இருந்தால் மரத்தூள் பசை வைத்து நிரப்பலாம்.

அடுத்து விசை. போட்டி விதிப்படி 500 கிராமுக்குக் குறையாத இழுப்பு வேண்டும். இதைச் சோதிக்க மளிகைக் கடை அரைக் கிலோ படிக்கல் போதும். குண்டு போடாமல், குழல் மேலே பார்க்கும்படி பிடித்து, கல்லை ஒரு சரட்டில் கட்டி விசையில் மாட்டி, மேசையிலிருந்து மெல்லத் தூக்குங்கள். விசை விழாமல் கல் எழுந்தால் சரி. மூன்று முறை தூக்கிப் பாருங்கள். ஒருமுறை தாங்கி, ஒருமுறை விழுந்தால் விசை தேய்ந்திருக்கிறது.

கடைசியாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். பத்து மீட்டரில், மணல் மூட்டையில் கையைத் தாங்கவைத்து ஐந்து குண்டு. பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், உங்கள் சட்டைப் பொத்தானைக் குனிந்து பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். ஐந்து குண்டும் ஒரு பொத்தானுக்குள் அடங்க வேண்டும். அந்தப் பொத்தான் இலக்கின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் விழுந்தால் கவலை வேண்டாம். குறியைத் திருகிச் சரிசெய்யலாம். ஐந்தும் ஐந்து திசையில் போனால் எந்தத் திருகும் உதவாது. பலூன் கடைக்காரரின் கோணலுக்கும் கெட்ட துப்பாக்கியின் கோணலுக்கும் வித்தியாசம் இதுதான்: அவருடையது எப்போதும் ஒரே பக்கம் போனது.

பழையது வாங்கினால்

கட்டுப்படியான விலையில் நல்ல பிஸ்டல் வேண்டும் என்றால் கிளப்பில் ஒருவர் பயன்படுத்தியதை வாங்குவதே நல்ல வழி. போட்டிக்காரர்கள் புது மாடலுக்கு மாறும்போது பழையதை விற்பார்கள். நான் முதலில் வாங்கியதும் பழையதுதான். மரப்பிடி பளபளவென்று இருந்தது, விசை வெண்ணெய். சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் பம்ப் அடித்து நிரப்பினால் மறுநாள் காலை காற்றளவு முள் பாதிக்கு வந்திருந்தது. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால், கழுத்தோரம் பொடி எழுத்தில் பொறித்த தேதி பத்து ஆண்டைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. புதுச் சிலிண்டருக்கு நான் கொடுத்த காசில், 'கொஞ்சம் விலை குறைத்தோம்' என்ற பெருமை காணாமல் போனது.

ஆகவே பழையதில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பொறித்த தேதி. இந்தச் சிலிண்டர்களுக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுதான் ஆயுள். அடுத்து, முழுக்க நிரப்பி ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கும்வரை பணம் கொடுக்காதீர்கள். மூன்றாவது, வாஷர், ஓ-ரிங் பொட்டலம் கூட வருகிறதா என்று கேளுங்கள். நான்காவது, அசல் பில். பில் இல்லாத துப்பாக்கிக்கு என்ன விலை சொன்னாலும் அதிகம்.

காற்று நிரப்புவது பற்றி ஒரு எச்சரிக்கை. வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோகாதீர்கள். அழுத்த ஆக்சிஜனும் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் வெடிக்கும். கை பம்ப், அல்லது சுத்தமான சுவாசக் காற்று நிரப்பிய சிலிண்டர். இரண்டைத் தவிர வேறு வேண்டாம்.

சாரலும் துருவும்

வெளியூர் நூல்களில் இந்தப் பகுதி இருக்காது. ஆனி, ஆடியில் நம் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு கசிந்து நிற்கும். அதே ஈரம்தான் துப்பாக்கிக்குள்ளும் போகும்.

துப்பாக்கியோடு வரும் பெட்டியில் ஸ்பஞ்சு மெத்தை இருக்கும். கொண்டுபோக வர அது நல்லது; வைத்திருக்க ஆகாது. ஈரத்தைக் குடித்துக்கொண்டு உலோகத்தோடு ஒட்டிக் கிடக்கும். ஒரு சீசன் முழுக்க நான் அப்படி மூடி வைத்துவிட்டு ஆவணியில் திறந்தேன். குழலின் அடிப்பக்கம், மெத்தை தொட்ட இடத்தில் மட்டும், குங்குமம் தெளித்ததுபோல் புள்ளி புள்ளியாகத் துரு. இப்போது பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இரும்பு அலமாரியில் பூட்டி வைக்கிறேன். பொட்டலத்தை மாதம் ஒருமுறை வாணலியில் லேசாகச் சூடாக்கி உலர்த்துவேன். சுட்டு முடித்ததும் கை வேர்வை பட்ட இடத்தையெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு துடை. தேங்காய் எண்ணெய் வேண்டாம்; காலப்போக்கில் பிசினாக இறுகும்.

சாரல் நாளில் கை பம்ப் அடித்தால் காற்றோடு ஈரமும் சிலிண்டருக்குள் போகும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பாக வாங்குங்கள். முடிந்தால் வெயிலடிக்கும் நாளில் நிரப்பி வையுங்கள்.

வீட்டில் பத்து மீட்டர்

தென்னந்தோப்பில் பலகை நட்டுச் சுடுவது பார்க்க அழகாக இருக்கும். வேண்டாம். மரத்தில் பட்ட குண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. தோப்புக்குள் ஆள் நடமாட்டமும் உண்டு. கதவைப் பூட்டக்கூடிய நீளமான வராந்தா, நெல் குடோன், மாடி அறை. பத்து மீட்டர் கிடைத்தால் போதும். இலக்கின் நடு, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். அதன் பின்னால் பழைய துணி திணித்த மரப்பெட்டி, அதன் பின்னால் சுவர். இலக்கின்மேல் ஒரு விளக்கு. சுடுகிறவரும் கூட நிற்பவரும் கண்ணாடி போட வேண்டும். ஏர் பிஸ்டல் குண்டு உயிரை எடுக்காது என்ற நினைப்பில் கண்ணை இழந்தவர்கள் உண்டு. குண்டு ஈயம், சுட்டபின் கை கழுவாமல் முறுக்கை எடுக்காதீர்கள்.

குண்டே இல்லாமலும் பழகலாம். போட்டி பிஸ்டல்களில் காற்றும் குண்டும் வீணாகாமல் விசையை மட்டும் இழுத்துப் பழக ஒரு வசதி இருக்கும். வெள்ளைச் சுவரைப் பார்த்து, குறி அசையாமல் விசையை இழுப்பது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம். செலவில்லாத பயிற்சி இதைவிட வேறில்லை. சுருள்வில் துப்பாக்கியில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. குண்டு இல்லாமல் வில் பாய்ந்தால் உள்ளே அடிபட்டுக் கெடும்.

மயில், குரங்கு, அணில் எதையும் நோக்கிக் குழலைத் திருப்பக் கூடாது. நமக்குத் தலைக்குமேல் இருக்கும் மலை நெல்லை வனவிலங்குச் சரணாலயம். ஏர் கன் என்பதால் வனச்சட்டம் விட்டுவிடாது.

பிள்ளைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டிலும் குண்டு இன்னொரு பூட்டிலும் இருக்கட்டும். சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது என்பது நாம் நினைப்பதற்கு முன்பே பிள்ளைகளுக்குத் தெரியும்.

வாங்கும் முன் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்

1. எதற்கு வாங்குகிறேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா?
2. கிளப்பில் ஆறு மாதமாவது பழகிவிட்டேனா?
3. ஒரு கிலோவைப் பதினைந்து விநாடி நீட்டிப் பிடிக்க என் கைக்கு வருகிறதா?
4. பிடி கைக்குப் பொருந்துகிறதா? விசை அரைக் கிலோவைத் தாங்குகிறதா?
5. ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கினவா?
6. சிலிண்டரில் பொறித்த தேதியைக் கண்ணால் பார்த்தேனா?
7. வாஷர் போனால் மாற்றித்தர யார் இருக்கிறார்?
8. துப்பாக்கி விலையோடு பம்ப், குண்டு, கண்ணாடி, பூட்டு அலமாரி, கிளப் கட்டணம், மதுரைக்கு டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு வருஷக் கணக்குப் போட்டேனா?
9. பில் கையில் வந்ததா?

அக்காள் மகனுக்கு இந்தப் பட்டியலைத்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிட்டான். இப்போது மாதம் இரண்டு ஞாயிறு காலையில் மதுரை பஸ் ஏறுகிறான். மற்ற நாட்களில் தண்ணீர் பாட்டிலோடு வராந்தாவில் நிற்கிறான். தோப்புக்கு வேலி போட்டாயிற்று. உங்களுக்கும் ஏதாவது ஒரு கேள்விக்கு 'அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால், இந்தச் சீசனில் வாங்க வேண்டாம்.